புதிய துறைத்தலைவரின் முதல் பருவம்: எதை, எந்த வரிசையில் செய்வது?

தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளில் துறைத்தலைவர் பொறுப்பு பெரும்பாலும் பணிமூப்பால் வருகிறது. சில இடங்களில் சுழற்சி முறையில் வருகிறது. எப்படி வந்தாலும் அதற்கென்று யாரும் பயிற்சி தருவதில்லை. மே இறுதியில் ஒருவர் மாலை வாங்கிக்கொண்டு போகிறார். ஜூனில் இன்னொருவர் அதே மேசையில் உட்கார்ந்து, முதல் வேலையாகத் தொலைநோக்குத் திட்டம் ஒன்றை எழுதத் தொடங்குகிறார். ஆகஸ்டில் அந்தத் திட்டம் எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

துறைத்தலைவரால் ஒருவரை வேலைக்கு எடுக்க முடியாது, சம்பளம் உயர்த்த முடியாது. பல கல்லூரிகளில் ஒரு நாற்காலியைக்கூடத் தம் கையெழுத்தில் வாங்க முடியாது. அவர் கையில் இருப்பது பங்கீடு மட்டுமே. யாருக்கு எந்தத் தாள் (அதாவது எந்தப் பாடம்), யாருக்குக் கடைசிப் பாடவேளை, யாருடைய விடுப்புக்கு யார் வகுப்புக்குப் போவது, யாரைக் கருத்தரங்குக்கு அனுப்புவது என்று அந்தப் பட்டியல் நீளும். இந்தச் சின்னப் பங்கீடுகள் நியாயமாகவும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படியும் நடந்தால் மற்றவை பின்னால் வரும். கீழே உள்ள வரிசை அதை வைத்து அமைந்தது. ஒற்றைப்படைப் பருவம், அதாவது கல்வியாண்டின் முதல் பருவம், ஜூனில் தொடங்குவதாகக் கொண்டு எழுதியிருக்கிறேன்; உங்கள் கல்லூரி நாட்காட்டிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

1. பொறுப்பேற்கும் முன் கையில் வாங்க வேண்டியவை

முதலில் காகிதங்கள். நடப்பிலுள்ள எல்லா ஆண்டு மாணவர்களுக்கும் உரிய பாடத்திட்டங்கள், தேர்வு விதிமுறைகள், கடந்த இரண்டு ஆண்டுகளின் கால அட்டவணை, பணிச்சுமைப் பட்டியல், துறைக் கூட்டக் குறிப்பேடு, இருப்புப் பதிவேடு, பதில் போகாமல் கிடக்கும் கடிதங்கள், துறை மின்னஞ்சலின் கடவுச்சொல், பீரோ சாவிகள் ஆகிய அனைத்தையும் கேட்டு வாங்குங்கள்.

பாடத்திட்டங்கள் என்று பன்மையில் சொன்னதற்குக் காரணம் உண்டு. பாடத்திட்டம் திருத்தப்பட்ட ஆண்டுகளில் முதலாண்டுக்குப் புதியது, மூன்றாமாண்டுக்குப் பழையது என்று இரண்டும் ஒரே சமயத்தில் ஓடும். ஒரே பெயருள்ள தாளுக்கு இரண்டு அலகுப் பிரிப்புகள் இருக்கும். புதியவர்கள் ஒன்றை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு ஆசிரியர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். தவறு வெளியே தெரிவது வினாத்தாள் வரும் அன்றைக்கு.

இருப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் முன் பொருள்களை நேரில் பாருங்கள். கணினி, ஒளிவீழ்த்தி, துறை நூலகப் புத்தகங்கள், ஆய்வகக் கருவிகள் என ஒவ்வொன்றாக எண்ணுங்கள். இங்கேதான் எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். ஓய்வுபெறுபவர் தமக்குப் பாடம் நடத்தியவராக இருப்பார். எண்ணிப் பார்த்தால் சந்தேகப்படுவது போல ஆகிவிடுமோ என்ற தயக்கம். "ஐயா, நாளைக்குத் தணிக்கையில் என்னைத்தான் கேட்பார்கள். நீங்கள் இருக்கும்போதே ஒருமுறை சேர்ந்து பார்த்துவிட்டால் எனக்குத் தைரியமாக இருக்கும்" என்று கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். இல்லாத பொருள் இருந்தால் அதையும் அதே தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு தெரியவரும் குறை உங்கள் கணக்கில்தான் ஏறும்.

2. முதல் வாரம் கூட்டம் வேண்டாம், தனித்தனியாகப் பேசுங்கள்

பொறுப்பேற்ற மறுநாளே கூட்டம் கூட்டுவது பலருக்கு ஆசை. வேண்டாம். கூட்டத்தில் மூத்தவர்கள் பேசுவார்கள், இளையவர்கள் தலையாட்டுவார்கள், நிரந்தரப் பணியில் இல்லாத கௌரவ விரிவுரையாளர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்களுக்குத் தெரிய வேண்டியது எதுவும் அங்கே வெளிவராது.

ஒவ்வொருவரிடமும் அவர்கள் இடத்துக்கே போய்ப் பேசுங்கள். உங்கள் அறைக்குக் கூப்பிட்டால் அது விசாரணை போல ஆகிவிடும். எல்லோரிடமும் ஒரே மூன்று கேள்விகள் போதும்: இந்தத் துறையில் எது மாறாமல் இருக்க வேண்டும்? உங்கள் நேரத்தை வீணாக்குவது எது? சென்ற ஆண்டு எந்தப் பங்கீடு சரியில்லை என்று நினைத்தீர்கள்? மூன்றாவது கேள்விக்குத்தான் உண்மையான விடைகள் வரும். கேட்டுக்கொள்ளுங்கள், வாக்குறுதி கொடுக்காதீர்கள். "பார்க்கிறேன்" என்ற சொல்லையும் தவிர்த்துவிடுங்கள். நம் ஊரில் அதற்கு "செய்துவிடுகிறேன்" என்றும் பொருள், "செய்ய மாட்டேன்" என்றும் பொருள். "குறித்துக்கொண்டேன், பணிச்சுமை போடும்போது சொல்கிறேன்" என்று சொல்லுங்கள்.

ஆய்வக உதவியாளரையும் அலுவலக உதவியாளரையும் விட்டுவிடாதீர்கள். எந்தக் கருவி ஓடவில்லை, எந்த அறையில் மின்விசிறி சுற்றவில்லை, எந்த வகுப்பு அடிக்கடி ஆசிரியர் இல்லாமல் இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பதவி தமக்கு வந்திருக்க வேண்டும் என்று நினைக்கும் ஒருவர் துறையில் இருந்தால் அவரிடம் முதல் நாளே போங்கள். நேற்றுவரை எப்படி அழைத்தீர்களோ அப்படியே அழையுங்கள். நேற்று "அண்ணே" என்றவரை இன்று "மிஸ்டர்" போட்டு அழைத்தால் அந்தப் பருவம் முழுக்க அதற்கான விலையைக் கொடுப்பீர்கள்.

3. பணிச்சுமைக் கணக்கு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். துறையில் நடக்கும் சண்டைகளில் பாதிக்கு மேல் இங்கேதான் விதைக்கப்படுகின்றன.

முதலில் கூட்டல். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரமும், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரமும் நேரடிக் கற்பித்தல். உங்கள் துறை மாணவர்களுக்கு நீங்கள் எடுக்கும் வேளைகளோடு, பிற துறைகளுக்கு எடுக்கும் துணைப்பாட வேளைகளையும் சேருங்கள். முதலாண்டில் 10, இரண்டாமாண்டில் 12, மூன்றாமாண்டில் 28, துணைப்பாடம் 14 என்றால் மொத்தம் 64. பதினாறால் வகுத்தால் நான்கு பேருக்குரிய வேலை. துறையில் மூன்று பேர்தான் இருக்கிறார்கள் என்றால், கௌரவ விரிவுரையாளர் வேண்டும் என்ற கடிதத்தை இந்தக் கணக்கோடு ஜூன் முதல் வாரத்திலேயே முதல்வரிடம் கொடுத்துவிட வேண்டும். துணைப்பாட வேளைகளைச் சேர்க்க மறப்பதும், ஆள் போதவில்லை என்று ஜூலையில் கண்டுபிடிப்பதும் ஆண்டுதோறும் நடக்கிறது. செய்முறை வகுப்பை எப்படிக் கணக்கிடுவது, மாணவர்களை இரண்டு அணியாகப் பிரித்தால் எப்படி எழுதுவது என்பவற்றை உங்கள் கல்லூரி விதியில் பார்த்து உறுதி செய்துகொண்டு கூட்டுங்கள்.

அடுத்தது பங்கிடும் விதி. தாள்களைக் கொடுப்பதற்கு முன்பே விதிகளை எழுதி எல்லோருக்கும் காட்டுங்கள். கொடுத்த பிறகு விதி சொன்னால் அது சமாதானமாகத்தான் கேட்கும். எனக்குத் தெரிந்து நன்றாக வேலை செய்யும் விதிகள் நான்கு. ஒருவர் ஒரே தாளைத் தொடர்ந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. மூத்தவர் இளையவர் வேறுபாடின்றி எல்லோருக்கும் ஒரு முதலாண்டு வகுப்பு உண்டு. அரியர் அதிகம் விழும் தாள் புதிதாகச் சேர்ந்தவருக்குப் போகாது. எவருக்கும் ஒரே பருவத்தில் இரண்டு புதுத் தாளுக்கு மேல் கிடையாது.

நான்காவது விதிதான் பலருக்குத் தோன்றாதது. மணிக்கணக்கு சமமாக இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். இரண்டு தாள்களை வைத்துக்கொண்டு 16 மணி எடுப்பவரும், ஐந்து தாள்களை வைத்துக்கொண்டு 16 மணி எடுப்பவரும் ஒரே சுமையைச் சுமப்பதில்லை. முன்னவர் வீட்டுக்குப் போய்த் தூங்குவார். பின்னவர் நள்ளிரவில் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார். அந்த ஐந்து தாள்காரர் யார் என்று பார்த்தால், அநேகமாக எதிர்த்துப் பேச முடியாத கௌரவ விரிவுரையாளராக இருப்பார். எனவே பட்டியலில் மணிக்குப் பக்கத்திலேயே "தாள்களின் எண்ணிக்கை" என்று ஒரு கட்டம் போடுங்கள். அதைப் போட்டுவிட்டாலே பாதி அநியாயம் தானாகக் குறையும். எல்லோரும் பார்க்கும் பட்டியலில் இரண்டுக்குப் பக்கத்தில் ஐந்து என்று எழுதக் கை வராது.

பிறகு விருப்பப் படிவம். ஒவ்வொருவரும் மூன்று தாள்களை வரிசைப்படி எழுதித் தரட்டும். யாரும் எழுதாத தாள் ஒன்று கட்டாயம் மிஞ்சும். அதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தியாகம் என்று இதைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு உங்களிடம் வந்து "எனக்கு இது வேண்டாம்" என்று பேரம் பேசுவது எவருக்கும் கடினம்.

4. கால அட்டவணை

பல கல்லூரிகளில் நாளுக்கு 5 பாடவேளை, ஆறு டே ஆர்டர் (கிழமையைப் பார்க்காமல் வேலைநாள்களை ஒன்று முதல் ஆறு வரை எண்ணிச் சுழற்றும் முறை), ஆக 30 வேளைகள். இதை எந்த வரிசையில் நிரப்புவது என்பதில்தான் சூட்சுமம்.

முதலில் தமிழ், இந்தி, பிரெஞ்சு போன்ற பகுதி ஒன்று மொழிப்பாட வேளைகள். அவற்றில் பல துறை மாணவர்கள் கலந்து உட்காருவதால் கல்லூரி முழுவதற்கும் ஒரே நேரம். உங்களால் நகர்த்த முடியாது. அதற்குப் பின் ஆங்கிலம். மூன்றாவதாகப் பிற துறையிலிருந்து ஆசிரியர் வரும் துணைப்பாடங்கள். அந்தத் துறைத்தலைவரோடு நேரில் உட்கார்ந்து முடியுங்கள், ஆள் விட்டுச் சொல்லி அனுப்பாதீர்கள். நான்காவது, தொடர்ச்சியாக இரண்டு மூன்று வேளை தேவைப்படும் ஆய்வக வகுப்புகள். முதன்மைப் பாடங்கள் கடைசியில். புதியவர்கள் தலைகீழாகத் தொடங்குவார்கள். தங்கள் பாடத்தை அழகாக நிரப்பிவிட்டு, மொழித்துறைப் பட்டியல் வந்ததும் எல்லாவற்றையும் அழிப்பார்கள்.

டே ஆர்டர் முறையில் ஒரு பொறி உண்டு. செவ்வாய்க்கிழமை விடுமுறை என்றால் அன்றைய இரண்டாம் டே ஆர்டர் புதன்கிழமைக்கு நகர்ந்துவிடும். ஆகவே "நான் திங்களும் வியாழனும்தான் வர முடியும்" என்று சொல்லும் பகுதிநேர ஆசிரியரை இந்த அட்டவணைக்குள் நேரடியாகப் பொருத்தவே முடியாது. முதல் விடுமுறையிலேயே அவருடைய வகுப்பு அவர் வராத நாளில் போய் விழும். அப்படிப்பட்டவரின் தாளுக்கு முன்கூட்டியே ஒரு மாற்று ஆசிரியரைச் சேர்த்து எழுதி, இருவரும் வேளைகளை மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்துவிடுங்கள்.

வரைவு முடிந்ததும் ஒரு சிறிய கணக்கெடுங்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக முதல் வேளை எத்தனை, கடைசி வேளை எத்தனை, இடைவெளியின்றித் தொடர்ந்து மூன்று வேளை எத்தனை முறை என்று எழுதுங்கள். மதியம் கடைசி வேளையில் மாணவர் கண் பஸ் நிறுத்தத்தில் இருக்கும். அந்த வேளையை யாருமே விரும்புவதில்லை. அது ஒருவருக்கு நான்கும் இன்னொருவருக்குப் பூஜ்யமும் என்று விழுந்திருந்தால், நீங்கள் நினைத்துச் செய்யாவிட்டாலும் நினைத்துத்தான் செய்தீர்கள் என்று ஆகிவிடும்.

வரைவை இரண்டு நாள் பலகையில் ஒட்டி வையுங்கள். திருத்தம் கேட்பவர் எழுதிக் கேட்கட்டும். பச்சைக் குழந்தை வைத்திருப்பவருக்கு முதல் வேளை வேண்டாம், சிகிச்சையில் இருப்பவருக்கு மாடி ஏறும் வகுப்பு வேண்டாம் என்பன போன்ற கோரிக்கைகளுக்கு இடம் கொடுங்கள். ஆனால் கொடுத்த சலுகை எது, எந்தப் பருவம் வரை என்பதைக் குறித்து வையுங்கள். குறிக்காத சலுகை அடுத்த ஆண்டு உரிமையாகிவிடும். இரண்டு நாளுக்குப் பின் அட்டவணையை மூடிவிடுங்கள்.

5. இப்போது கூட்டம்

பணிச்சுமையும் அட்டவணையும் முடிந்த பிறகே முதல் துறைக் கூட்டம். பேசப்போவதை முந்தின நாளே எழுதி அனுப்புங்கள். முக்கால் மணி நேரம் போதும். முடிவு, பொறுப்பாளர், தேதி என்ற மூன்றும் இல்லாத எதையும் குறிப்பேட்டில் முடிவு என்று எழுதாதீர்கள். "நூலகப் பயன்பாட்டை மேம்படுத்த முடிவு செய்யப்பட்டது" என்று எழுதிய குறிப்பேடுகளை அடுக்கினால் கூரையைத் தொடும். குறிப்பை அன்றே எழுதி அன்றே கையெழுத்து வாங்குங்கள். ஒரு வாரம் கழித்து எழுதினால் யார் என்ன ஒப்புக்கொண்டார்கள் என்பது ஆளுக்கு ஆள் வேறாகியிருக்கும்.

இந்தக் கூட்டத்திலேயே வாட்ஸ்அப் குழுவுக்கும் விதி வையுங்கள். அதில் தகவல் மட்டும் வரலாம். விவாதமும் முடிவும் கூடாது. ஒருவரைக் கண்டித்து ஒரு வரிகூட எழுதக் கூடாது. இரவு செய்திக்கு மறுநாள் காலை பதில் சொன்னால் போதும். இந்த விதியை முதலில் மீறப்போகிறவர் அநேகமாக நீங்கள்தான். இரவு பத்து மணிக்கு முதல்வரிடமிருந்து ஒரு செய்தி வரும், அதை அப்படியே குழுவில் தள்ளிவிடக் கை துடிக்கும். காலை வரை பொறுங்கள்.

6. விடுப்பும் மாற்று வகுப்பும்

இதற்கு ஒரு பதிவேடும் ஒரே விதியும் போதும். முன்கூட்டித் தெரிந்த விடுப்பு என்றால், மாற்று வகுப்புக்கு ஒப்புக்கொண்டவரின் கையெழுத்தோடு விண்ணப்பம் வர வேண்டும். திடீர் விடுப்பு என்றால் காலை குறிப்பிட்ட நேரத்துக்குள் தொலைபேசியில் சொல்ல வேண்டும். மாற்றை நீங்கள் ஏற்பாடு செய்வீர்கள். மாற்று வகுப்புக்குப் போனவரின் பெயரையும் பதிவேட்டில் எழுதுங்கள். மறுக்கத் தெரியாத ஒரே ஆள் மாதம் முழுவதும் எல்லோருடைய வகுப்புக்கும் போய்க்கொண்டிருப்பது அப்போதுதான் தெரியும். தற்செயல் விடுப்பைக் கேட்பவரிடம் காரணத்தைத் துருவாதீர்கள். கல்லூரிப் பணியாக வெளியே போகும் ஓ.டி.யில் மட்டும் கவனம் தேவை: யார் யார் எத்தனை முறை வெளியே போனார்கள் என்பதை ஆண்டுக்கணக்கில் பாருங்கள், கருத்தரங்கு வாய்ப்புகள் ஓரிருவரிடமே தேங்குவது வழக்கம்.

7. அகமதிப்பீடும் வருகைப்பதிவும்

பல பல்கலைக்கழகங்களில் அகமதிப்பீட்டுக்கு 25, எழுத்துத் தேர்வுக்கு 75 என்ற பகுப்பு இருக்கிறது. அந்த 25 மதிப்பெண் எப்படிப் பிரிகிறது, தேர்வுகள் எந்தத் தேதியில், ஒப்படைப்புக்குக் கடைசி நாள் எது என்பதை முதல் இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொரு வகுப்பிலும் ஒட்டிவிடுங்கள். விடைத்தாளைத் திருத்தி மாணவர் கையில் கொடுத்துவிட வேண்டும். மதிப்பெண் இணையத்தில் ஏறும் முன் பட்டியலைப் பலகையில் போட்டு, குறை சொல்ல மூன்று நாள் கொடுக்க வேண்டும்.

இவ்வளவு முன்னேற்பாடு எதற்கென்றால், பருவக் கடைசியில் சிபாரிசுகள் வரும். சக ஆசிரியரின் உறவுக்காரப் பையன், நிர்வாகத்துக்கு வேண்டியவர் மகள், விளையாட்டு வீரர் என்று ஆள் மாறுமே தவிர கோரிக்கை மாறாது. பட்டியல் ஏற்கெனவே பலகையில் இருந்தால் "எல்லோரும் பார்த்துவிட்டார்களே, இப்போது மாற்றினால் உங்களுக்கும் எனக்கும் அசிங்கம்" என்று சொல்லிவிடலாம். பட்டியல் உங்கள் மேசை இழுப்பறையில் இருந்தால் அதைச் சொல்ல முடியாது.

வருகையில் 75 விழுக்காடு என்ற எல்லை எல்லோருக்கும் தெரியும். 65-க்கு மேல் இருப்பவர்கள் கட்டணம் கட்டித் தேர்வெழுதப் பல பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கின்றன. அதற்குக் கீழே போனால் சிக்கல். புதியவர்கள் இந்தப் பட்டியலைத் தேர்வுக்கு முன்தான் எடுக்கிறார்கள். அப்போது யாராலும் எதுவும் செய்ய முடியாது. அழுகையும் பெற்றோர் வருகையும்தான் மிஞ்சும். மாதக் கடைசியில் எடுங்கள். முதல் மாதமே 80-க்குக் கீழே இருப்பவர்களை வகுப்பாசிரியர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கட்டும்.

கேட்கும்போது கண்டிப்பதற்கு முன் காரணத்தைத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். முதல் வேளைக்கு மட்டும் வராத மாணவர்கள் பலர் ஒரே ஊர்க்காரர்களாக இருப்பார்கள். அந்த ஊருக்குக் காலையில் ஒரே பஸ்தான் இருக்கும். அதற்கான தீர்வு போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு முதல்வர் வழியாக ஒரு கடிதம். திங்கட்கிழமை காலையில் தூங்கி விழுபவர் முந்தின இரவு கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறிவிட்டு வந்திருப்பார். இருவரையும் "ஒழுங்கீனம்" என்ற ஒரே கட்டத்தில் போட்டால் ஒருவரும் திருந்தப்போவதில்லை.

8. மாணவர் புகார் வந்தால்

கேளுங்கள், எழுதி வாங்குங்கள், உரிய இடத்துக்கு அனுப்புங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. மதிப்பெண், வகுப்பு நடக்காதது, சான்றிதழ் தாமதம் போன்றவற்றை நீங்களே முடிக்கலாம். எத்தனை நாளில் பதில் சொல்வீர்கள் என்பதை மாணவரிடம் சொல்லி அனுப்புங்கள்.

இரண்டு வகைப் புகார்களை மட்டும் துறைக்குள் முடிக்க நினைக்கவே கூடாது.

பாலியல் துன்புறுத்தல் புகார் முதலாவது. 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 ஒழுங்குமுறையும் இதை உள்ளகப் புகார் குழுவிடம் ஒப்படைத்திருக்கின்றன. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு காலத்தை நீட்டிக்கலாம். உங்கள் வேலை, அந்த மாணவியை அன்றைக்கே குழுத் தலைவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. முழுக் கதையையும் உங்களிடம் சொல்லச் சொல்லாதீர்கள்; அவர் மறுபடியும் குழுவில் சொல்ல வேண்டியிருக்கும். குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு "என்ன சார் இது" என்று கேட்காதீர்கள். "துறையின் பேர் கெட்டுவிடும்மா" என்ற வாக்கியம் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. பெயரை எவரிடமும் சொல்லாதீர்கள். இரகசியம் காப்பது சட்டப்படியான கடமை. நல்லெண்ணத்தோடு சமரசம் செய்யப் போய் சாட்சியைக் கலைத்துவிட்ட துறைத்தலைவர்கள் உண்டு.

ராகிங் இரண்டாவது. தமிழ்நாட்டில் 1997 முதலே இதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. மானியக் குழுவின் 2009 ஒழுங்குமுறையும் இருக்கிறது. "சும்மா பாட்டுப் பாடச் சொன்னார்கள் சார்" என்று மூத்த மாணவர்கள் சிரித்துக்கொண்டு சொன்னாலும், எழுதி வாங்கி ராகிங் தடுப்புக் குழுவுக்கு அனுப்பிவிடுங்கள். சிறியதா பெரியதா என்பதைக் குழு முடிவு செய்யட்டும்.

9. முதல்வருக்கும் துறைக்கும் நடுவில்

முதல்வருக்கு எழுதும் கடிதத்தில் ஒரே கோரிக்கை இருக்கட்டும். ஐந்தைச் சேர்த்து எழுதினால் எளிதானது ஒன்று நிறைவேறும், மற்ற நான்கும் "பரிசீலிக்கப்பட்டது" என்று கோப்பில் உறங்கும். எண்ணோடு எழுதுங்கள். "ஆய்வகத்தில் கணினிகள் போதவில்லை" என்று எழுதுவதைவிட, "48 மாணவர்கள், ஓடும் கணினிகள் 19" என்று எழுதினால் பேச்சு அடுத்த கட்டத்துக்குப் போகும். பொருள் வாங்க மூன்று விலைப்புள்ளிகளை இணைத்தே கொடுங்கள். நிதியாண்டு மார்ச்சில் முடிவதால் கோரிக்கை டிசம்பருக்குள் போய்விட வேண்டும். பிப்ரவரியில் கேட்பவர்களுக்கு நிதி இல்லை, அல்லது அவசரத்தில் வேண்டாத பொருள் வந்து சேரும்.

கீழே இறங்கும்போது ஒரு சோதனை இருக்கிறது. துறைக்குப் பிடிக்காத உத்தரவு வந்தால் "நான் என்ன செய்ய, முதல்வர் சொல்லிவிட்டார்" என்று சொல்லிவிடத் தோன்றும். அன்றைக்கு அது உங்களைக் காப்பாற்றும். ஆனால் அடுத்த முறை உங்களிடம் எவரும் பேச வர மாட்டார்கள். தபால்காரரிடம் யார் வாதாடுவார்கள்? உத்தரவில் உடன்பாடு இல்லையென்றால் முதல்வர் அறையிலேயே சொல்லிவிடுங்கள். ஒப்புக்கொண்டு வெளியே வந்த பிறகு அது உங்கள் முடிவு. காரணத்தை உங்கள் சொல்லில் சொல்லுங்கள்.

10. நாக் கோப்புகள்

கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் தேசிய அமைப்பான நாக்கின் (NAAC) தர மதிப்பீட்டில் ஏழு அளவுகோல்கள். ஆறாவது அளவுகோலே ஆளுகை, தலைமை, மேலாண்மை பற்றியது. ஆண்டுதோறும் கல்லூரியின் அகத்தர உறுதி மையம் உங்களிடம் தரவு கேட்கும். நிகழ்ச்சி நடந்த வாரத்திலேயே சுற்றறிக்கை, வருகைத்தாள், புகைப்படம், ஒரு பக்க அறிக்கை ஆகிய நான்கையும் ஒரே உறையில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. மே மாதத்தில் உட்கார்ந்து பழைய தேதியிட்ட அறிக்கைகளைத் தயாரிக்கும் கூத்து வேண்டாம். ஏழு அளவுகோல்களையும் ஆளுக்கு ஒன்றிரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். கணினி நன்றாகத் தெரிந்த இளையவர் ஒருவர் தலையில் எல்லாவற்றையும் கட்டுவது எல்லாக் கல்லூரிகளிலும் நடக்கிறது. அவருடைய ஆராய்ச்சி அத்தோடு நின்றுபோகிறது.

கோப்புக்காக நிகழ்ச்சி நடத்தாதீர்கள் என்று சொல்ல ஆசைதான். முழுவதும் தவிர்க்க முடியாது. குறைந்தபட்சம் அதற்காக வகுப்பு மாணவர்களை அரங்கை நிரப்ப ஓட்டிச் செல்லாமல் இருக்கலாம்.

11. பருவ இறுதியில்

தேர்வு முடிவு வந்ததும் தேர்ச்சி விழுக்காட்டை ஆசிரியர் பெயரோடு கூட்டத்தில் வாசிக்காதீர்கள். கடினமான தாளை எடுத்தவர் அவமானப்படுவார். அடுத்த ஆண்டு அந்தத் தாளை எவரும் தொட மாட்டார்கள். தனியாக உட்கார்ந்து எந்த அலகில் மதிப்பெண் போயிற்று, அந்த அலகு நடத்தப்பட்ட வாரங்களில் எத்தனை வேளைகள் விடுமுறையாலும் விழாக்களாலும் போயின என்று பாருங்கள். பெரும்பாலும் ஐந்தாம் அலகுதான் அடிபட்டிருக்கும்.

பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் தன்னாட்சிக் கல்லூரி என்றால் துறைத்தலைவரே பாடத்திட்டக் குழுவின் தலைவர். குழு கூடும் முன் இந்த அலகுவாரிக் குறிப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வரும் வல்லுநர்கள் புதுத் தலைப்புகளைச் சேர்க்கச் சொல்வார்கள். எதை நீக்குவது என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இரட்டைப்படைப் பருவத்துக்கான விருப்பப் படிவம் அக்டோபர் முதல் வாரத்திலேயே போய்விடட்டும். தேர்வுப் பணியும் விடைத்தாள் திருத்தும் முகாமும் தொடங்கிவிட்டால் யாரையும் பிடிக்க முடியாது. படிவத்தோடு சென்ற பருவத்தின் தாள் எண்ணிக்கை, கடைசி வேளைக் கணக்கு இரண்டையும் இணைத்தே அனுப்புங்கள். சென்றமுறை அதிகம் சுமந்தவர் இந்தமுறை முதலில் தேர்ந்தெடுக்கட்டும்.